அண்ணன் எடுத்த படம், நான் போட்ட கையெழுத்து

தக்கலைக் கடையில் என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி உங்களுக்கு எல்லாம் காட்டியிருப்பார். பிளெக்ஸ் மெஷின், கல்யாணக் கார்டு மாதிரிகள், பாட்டு ஆல்பம் கவருக்கு எத்தனை பிக்சல், வாட்ஸ்அப்பில் வரும் படத்தை எந்த போல்டரில் போடுவது, எல்லாம். ஆனால் அந்தப் படத்தை எடுத்தது யார் என்று கேட்கச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஏழு வருஷம் அந்தக் கடையில் கவர் செய்தேன். ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இருபத்தெட்டு வயதில் 'நான் வேலை பார்த்த காலத்தில்' என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கவர் வேலையை விட்டாயிற்று. ஏன் விட்டேன் என்று கடையில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்லுகிறேன்.

நம் பக்கத்து ஆல்பம் கவர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் மாதா. ஒரு பக்கம் பங்குத்தந்தை. இன்னொரு பக்கம் ஆல்பம் போட்டவர், கூலிங்கிளாஸோடு. கீழே அவருடைய செத்துப்போன அப்பாவும் அம்மாவும் பூ வளையத்துக்குள். மூலையில் இரண்டு போன் நம்பர். சிடி விற்ற காலத்தில் இது ஓடியது. பாட்டை ஆப்பில் ஏற்ற ஆரம்பித்த பிறகு ஓடவில்லை. பாட்டின் பெயர், பாடினவர் பெயர் தவிர வேறு எழுத்து இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மரியதாஸ் சாருடைய கவர் அப்படித்தான் திரும்பி வந்தது. அவர் குவைத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வருஷத்துக்கு ஒரு மாதா பாட்டு ஆல்பம் போடுவார், தன் அம்மா நினைவாக. கடைக்கு நல்ல வாடிக்கை. அவர் ஆல்பம் போட்டால் கூடவே திருவிழா பிளெக்ஸும் நமக்கு வரும்.

"எங்கம்மா படத்த எடுத்துட்டா பிறகு எதுக்கு பிள்ளே ஆல்பம்?" என்று கேட்டார்.

"ஆப்காரன் விடமாட்டான் சார்."

"ஆப்காரனுக்கு அம்ம இல்லியா?"

கடையில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் போடு, ஆனால் அந்தப் படம் உலகத்தில் இன்னொருத்தனிடம் இருக்கக் கூடாது என்று. முந்தின வருஷம் அவருக்காக நான் கூகுளில் இருந்து இறக்கிப் போட்ட மாதா படம், அதே மாதம் வேறு மூன்று ஆல்பத்தில் வந்திருந்தது. அதில் ஒரு ஆல்பக்காரர் இவருக்கே போன் போட்டு, என் கவரை ஏன் எடுத்தீர் என்று சண்டை பிடித்திருக்கிறார். இவருக்கு அது பெரிய மானக்கேடு. "இந்தத் தடவ எழுத்துல வேணும் பிள்ளே. படம் எடுத்த ஆளு கையெழுத்து போட்டு குடுக்கணும். இனி ஒருத்தன் வந்து எங்கிட்ட கேக்கக் கூடாது," என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கோவில் திருவிழாக் கொடியேற்றம். கொடியேற்றத்தன்று மேடையில் வைத்து ஆல்பத்தை வெளியிட வேண்டும். ஆப்பில் ஏற்றிச் சரிபார்த்து வர இரண்டு நாளாவது ஆகும். அன்றைக்கே கவர் முடிந்தாக வேண்டும்.

அப்போதுதான் என் போனில் இருந்த ஒரு படம் ஞாபகம் வந்தது.

என் அண்ணன் பெயர் சகாயம். கடியப்பட்டணத்தில் மீன்பிடித் தொழில். படிப்பு என்னைவிடக் குறைவு. ஆனால் போனில் படம் எடுப்பான். வலை, வள்ளம், கரையில் காயும் நெத்திலி, எதையாவது எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். ஒரு மழை நாளில் வள்ளம் கரைக்கு வரும்போது எடுத்த படம் ஒன்று இருந்தது. தூரத்தில் கரை, மேலே சாம்பல் நிறத்தில் வானம். மற்றவர்கள் மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள். ஒரே ஒரு பெண் நீல சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். அது மைனி, அண்ணன் பெண்டாட்டி. முகம் தெளிவாகத் தெரியாது. படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தான்: "எனக்கு வேண்டி நிக்கா, பாருங்க."

அண்ணனைக் கூப்பிட்டேன். கடலில் இருந்தான், போன் கிடைக்கவில்லை. இரண்டு தடவைதான் கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. அண்ணன் படம் என் படம்தானே என்று நினைத்தேன். நம் வீடுகளில் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு போவான், அக்கா கம்மலைத் தங்கச்சி போட்டுக்கொண்டு போவாள். யார் கேட்கிறார்கள்? அந்தப் பழக்கத்தில்தான் செய்தேன்.

படத்தை இழுத்து மூவாயிரம் பிக்சல் சதுரமாகப் பெரிதாக்கினேன். வானத்தைப் பொன்னிறமாக்கினேன். மைனி தலையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் போட்டேன். மரியதாஸ் சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "கடலுக்கு வந்த மாதா," என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "இது ஆரு எடுத்தது?"

"நான்தான் சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அண்ணன் என்று சொன்னால் அண்ணன் கையெழுத்து வேண்டும். அண்ணன் வர வியாழக்கிழமை ஆகும். அவ்வளவுதான் காரணம். கடை லெட்டர் பேடிலேயே எழுதினேன். இந்தப் படம் நான் எடுத்தது, முழு உரிமையும் இன்று முதல் மரியதாஸ் அவர்களுக்கு, வேறு எங்கும் யாரும் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். கவர் கூலிக்கு மேல் இரண்டாயிரம் தந்தார். முதலாளி அதில் பாதியை எனக்கே தந்தார்.

ஆல்பம் வெளியானது. பாட்டும் நன்றாக இருந்தது, கவரும் நன்றாக ஓடியது. எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அண்ணன் தக்கலைக்கு வந்தான். கடைக்குள் ஏறி, என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏட்டி, எம் பொண்டாட்டிய என்னத்துக்கு மாதாவாக்கின?"

முதலாளி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"நல்லாத்தானே அண்ணே இருக்கு."

"உனக்கு நல்லா இருக்கும். அவ மீன் விக்க போனா, மாதாவே ரெண்டு சாள கூட போடும்னு கையெடுத்து கும்பிடுகாளுவ. நேத்து ஒருத்தி மெழுகுதிரி கொண்டு வந்து மீன் கடவம் பக்கத்துல வச்சிட்டு போயிருக்கா. வீட்ல வந்து அழுகாட்டி."

"விளையாட்டுக்கு செய்யுதாவ அண்ணே. ரெண்டு நாள்ல மறந்திருவாவ."

அவன் திரையைப் பார்த்தான். அன்று அதில் யாருடையதோ கல்யாணக் கார்டு இருந்தது. "அந்த வட்டத்த எடுத்திரு. கீழ சின்னதா எம் பேரு போடு. படம், சகாயம்னு. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றான்.

"ஏத்தியாச்சு அண்ணே. இனி மாத்த முடியாது. பேரும் போட முடியாது. பாட்டு பேரும் பாடினவிய பேரும் தவிர வேற எழுத்து வந்தா ஆப்காரன் திருப்பி அனுப்பிருவான்."

"அப்பிடியா?"

"ஆமா அண்ணே."

"சரி. ஆப்காரன் சொன்னா சரிதான்," என்றான். எதிர்க் கடையில் டீ வாங்கித் தந்துவிட்டு பஸ் ஏறிப் போனான்.

கவரில் பேர் போட முடியாது என்பது உண்மை. ஆனால் யூடியூபில் பாட்டுக்குக் கீழே எழுத எவ்வளவோ இடம் இருந்தது. கீபோர்டு வாசித்தவர் பேர் அதில் இருந்தது, தபலா வாசித்தவர் பேர் இருந்தது, ரெக்கார்டிங் அன்று சாப்பாடு தந்த ஹோட்டல் பேர்கூட இருந்தது. அண்ணன் பேரையும் போட்டிருக்கலாம். போட்டால் மரியதாஸ் சார், நீதானே எடுத்தேன்னு சொன்ன என்று கேட்பார். அதற்குப் பயந்து ஒரு விதியைச் சொல்லி அண்ணன் வாயை அடைத்தேன். கவரை மாற்ற முடியாது என்றது முழுப் பொய். மாற்றலாம். ஒரு வேண்டுகோள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

மக்கா, உங்களுக்குச் சொல்லுகிறேன். இந்த வேலையில் நமக்கு நிறைய விதி தெரியும், எதிரே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஒன்று கேட்கும்போது விதி என்று சொல்லி முடித்துவிடலாம், ரொம்ப லேசு. அப்படி முடிக்கும்போது நீங்கள் யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று பாருங்கள்.

அண்ணன் என்னோடு சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான், பேசுவான், சாப்பிடுவான். ஆனால் அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு படமும் போடவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் போன பிறகு பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கொடியேற்றத்துக்குப் பிறகு எட்டு மாதம் அவன் பக்கத்தில் இருந்து ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். முப்பத்துநாலு வயது. பெண் பிள்ளை ஒன்று, ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன அட்டை, நீங்களும் வாரத்துக்கு ஐந்தாறு செய்வீர்கள். மைனி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முன்னால அவரு படம் போடு. பின்னால அவரு எடுத்த படம் இருக்குல்ல, மழையில நான் நிக்கது, அத போடு. அந்த ஒளி கிளி ஒண்ணும் வேண்டாம். அவரு எடுத்தது எப்பிடியோ அப்பிடி." அண்ணனுடைய போன் அவன் சாவதற்குச் சில நாள் முன்னால் உப்புத்தண்ணீர் ஏறிக் கெட்டுப்போயிருந்தது. படம் என் போனிலும் கடைக் கம்ப்யூட்டரிலும்தான் இருந்தது.

பூசைக்கு மூன்று நாள் முன்னால் அட்டையைத் திரையில் முடித்து வைத்திருந்தேன். அந்நேரம் மரியதாஸ் சார் அடுத்த ஆல்பத்துக்காகக் கடைக்கு வந்தார். என்னிடம் துக்கம் விசாரிக்கத்தான் முதலில் என் பக்கம் வந்தார். திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இது நம்ம கவர் படமில்லியா பிள்ளே?"

"ஆமா சார்."

"நீ எழுதி குடுத்திருக்கியே. வேற எங்கயும் வராதுன்னு." குரலை உயர்த்தவில்லை. "உனக்க சங்கடம் எனக்கு புரியுது. ஆனா நம்ம மாதா படத்த சாவு அட்டையில பாத்தா ஜனங்க என்ன நெனைக்கும்? பாட்ட கேக்கும்போதெல்லாம் அதுதானே ஞாபகம் வரும்? வேற படம் வையி, என்னா?"

இந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். முதலில் கையெழுத்துப் போட்டது அவசரத்தில் செய்தது. இது அப்படி இல்லை. என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது: சார், இது என் அண்ணன் எடுத்தது, இதில் நிற்பது என் மைனி. இரண்டே வரி. முதலாளி நாலு அடி தள்ளி பில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னால் கடை லெட்டர் பேடில் பொய் எழுதினவள் என்று ஆகும். அண்ணன் செத்த வீட்டில் மாதச் சம்பளம் கொண்டுவருவது நான் மட்டும்தான். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"மாத்திடுகேன் சார்," என்றேன்.

மைனி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "அந்தப் படம் பிரிண்டுக்கு தாங்காது மைனி. ரிசல்யூஷன் இல்ல. உடஞ்சி போவும்."

வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரிய பிளெக்ஸில்தான் உடையும். உள்ளங்கை அளவு அட்டைக்கு அது தாராளம் என்று உங்களுக்கே தெரியும். மைனிக்குத் தெரியாது. "நீ சொன்னா சரிதான்," என்றாள்.

அட்டையின் பின்பக்கம் ஒரு பைபிள் வசனமும் ஒரு சிலுவையும் போட்டேன், எல்லோருக்கும் போடுகிற மாதிரி. பூசை முடிந்து கோவில் வாசலில் கொடுத்தோம். மைனி ஒன்றைக் கையில் வாங்கி முன்பக்கம் பார்த்தாள். திருப்பினாள். பிறகு மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வக்கீல் பெண் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுக்கு எழுத்து கோத்துக்கொண்டே கேட்டேன், எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இப்படிச் செய்துவிட்டாள், என்ன செய்வது என்று. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அந்தத் தெரிஞ்ச பிள்ளைட்ட சொல்லு. படம் எடுத்தவருக்குத்தான் சொந்தம். அவரு இல்லன்னா அவருக்க பெண்டாட்டி பிள்ளைக்கு, இன்னும் அறுபது வருஷத்துக்கு. தனக்கு சொந்தமில்லாதத எழுதி குடுத்தா வாங்கினவருக்கு ஒண்ணும் கிடைக்காது. அந்தப் பேப்பருக்கு மதிப்பு கிடையாது. ஆனா பொய் எழுதினது அந்தப் பிள்ளைதான். அத அவதான் எழுத்துல திருத்தணும்."

அப்படியானால் அட்டையில் போட்டிருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது. தடுத்தது நான்தான்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன், படம் நான் எடுத்ததல்ல, அண்ணன் எடுத்தது, மைனி கேட்டும் அதை அட்டையில் போடவில்லை என்று. ஒன்று முதலாளிக்கு, ஒன்று மரியதாஸ் சாருக்கு. முதலாளி இரண்டு தடவை படித்தார். "எனக்க கடை பேர்ல பொய் எழுதும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா சுஜா?" என்றார். இல்லை என்றேன். "சரி, கொஞ்ச நாளு கவர் வேலை பாக்க வேண்டாம். கல்யாணக் கார்டு பாரு," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாதக் கடைசியோடு நானே நின்றுகொண்டேன்.

மரியதாஸ் சார் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அண்ணன் எடுத்ததுன்னு அன்னைக்கே சொல்லப்படாதா? எங்கம்மைக்கு நான் செய்யுத மாதிரிதானே உனக்க மைனியும் கேட்டிருக்கா? நானே காசு போட்டு அடிச்சி குடுத்திருப்பேனே பிள்ளே."

இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும்.

மைனியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கையெழுத்து, காசு, ரிசல்யூஷன் என்று சொன்ன பொய், எல்லாம். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பாட்டுக்கு படம் பெருசாச்சு. அவருக்கு பெருசாகல்லியா?"

அவள் கழுவின மீனைச் சட்டியில் போட்டாள்.

"அவரு அன்னைக்கு உங் கடைக்கு வந்துட்டு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? எந் தங்கச்சிக்கு எல்லாம் தெரியும், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு." சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "முப்பதாம் நாளு ஒருக்காத்தான் வரும் சுஜா. போ."

மரியதாஸ் சார் மைனியை நேரில் போய்க் கேட்டார். படத்தை வைத்துக்கொள்ளலாமா, எத்தனை வருஷத்துக்கு, எதில் எதில், என்ன தர வேண்டும், எல்லாம் எழுத்தில் தருகிறேன் என்றார். எனக்குத் தெரிந்து ஒரு ஆல்பம் கவருக்கு நம் பக்கத்தில் ஒருத்தர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மைனி ஒரே வார்த்தையில், "மாத்துங்க," என்றாள். இரண்டு வாரத்தில் கவர் மாறிவிட்டது. அண்ணனிடம் முடியாது என்று நான் சொன்ன அதே வேலை. பழைய கவர் இன்னும் எத்தனையோ போன்களில் கிடக்கிறது, அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே படம் வந்ததும் கேளுங்கள். எடுத்தது யார், அவருக்குத் தெரியுமா, ஆப்புக்கு மட்டுமா, பிளெக்ஸுக்கும் சேர்த்தா, எத்தனை வருஷம். படத்தில் நிற்பவரிடமும் கேளுங்கள். ஆள் கடலில் இருந்தால் வரும்வரை காத்திருங்கள். கொடியேற்றத்துக்கு வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒரு கவரைப் போட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். சொந்த வீட்டு ஆள் என்றால் இரண்டு தடவை கேளுங்கள். அவர்கள்தான் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

கடையை விட்டு நிற்கும் கடைசி நாளில் மைனி தக்கலைக்கு வந்தாள். அவள் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தப் படத்தைக் கேட்டாள். பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். முதலில் இதிலே பார்க்க வேண்டும் என்றாள்.

என் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, திரை முழுக்க வைத்துக் காட்டினேன். மழை, சாம்பல் வானம், கரை, நீல சேலை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கரையில் நிற்கும் தன்னை ஒரு விரலால் தொட்டாள். பிறகு கடல் பக்கம் எதையோ தேடினாள். கீழே, இடது பக்கம், வலது பக்கம்.

"நான் நிக்கது தெரியுது. அவரு எங்க நிக்காரு?"

"அவன் படத்துல இல்ல மைனி. அவந்தானே எடுக்கான். இப்ப நாம இருந்து பாக்கோம்லா, இந்த எடத்துலதான் நிக்கான்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், கரையில் நிற்கிற தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.